நித்திரை கொள்ளாத பாதி

அகதி விண்ணப்பத்தின்போது எங்களிடம் கேட்கப்படாத கேள்வி என்று அதிகம் இல்லை. பிறந்த திகதி, வந்த வழி, பிடித்தவன் ஆர், அடித்தவன் ஆர், எத்தனை நாள் வைத்திருந்தார்கள், ஏன் விட்டார்கள். உடம்பில் இருந்த தழும்புகளைக்கூட அளந்து எழுதிக்கொண்டார்கள். இரவில் நித்திரை வருகிறதா என்று மட்டும் எங்களில் பலரிடம் ஒருவரும் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் "ஓம், வருகுது" என்றுதான் சொல்லியிருப்போம். செத்தவர்களையும் காணாமற்போனவர்களையும் நினைத்தால், வெளிநாட்டில் சூடான அறையில் மெத்தையில் கிடந்துகொண்டு நித்திரை இல்லை என்று முறைப்பாடு சொல்ல எங்களுக்கு வெட்கமாக இருந்தது.

நாங்கள் வந்த காலத்து அறைகளை நினைத்துப் பாருங்கள். ஒரு அறையில் ஆறு பேர், மூன்று மெத்தை. இரவு வேலைக்காரன் விடிய வந்து விழ, பகல் வேலைக்காரன் எழும்பிப் போவான். மெத்தையின் சூடு ஆறுவதேயில்லை. கோப்பை கழுவிய கைகளின் சவர்க்கார மணமும், ஈரச் சப்பாத்துகளின் மணமும், யாரோ அவித்து வைத்த பருப்பின் மணமும் சேர்ந்த அந்த அறையில், நாங்கள் ஒருவரை ஒருவர் நித்திரையில்தான் அதிகம் அறிந்திருந்தோம். பல்லு நெருமுகிறவன் யார், அம்மாவைக் கூப்பிடுகிறவன் யார், சாமத்தில் எழும்பிப் போய்க் கதவு பூட்டியிருக்கிறதா என்று தடவிப் பார்த்துவிட்டு வந்து படுக்கிறவன் யார் என்று எல்லாருக்கும் தெரியும். விடிந்தபின் ஒருவரும் அதைப்பற்றிக் கதைப்பதில்லை. "ராத்திரி கத்தினாய்" என்று ஒருவனிடம் சொல்வது அவனை உடுப்பில்லாமல் கண்டதாகச் சொல்வதைப் போன்றது. எங்களுக்குள் அப்படி ஒரு மரியாதை இருந்தது. அறைகள் போய் வீடுகள் வந்த பிறகும், கலியாணம் கட்டிப் பிள்ளைகள் பெற்ற பிறகும், அந்த மரியாதை எங்களோடு கூடவே வந்துவிட்டது.

காதுகளும் அப்படித்தான் வந்தன. கூரையிலிருந்து பனி சரிந்து விழும் சத்தம், விடியப்புறம் வரும் குப்பை லொறி, புதுவருட இரவின் வாணவெடி, தாழப் பறந்து போகும் ஹெலிகொப்டர் என்று ஏதாவது கேட்டால், முதலில் காது எழும்பும். பிறகு கால் எழும்பும். இது எந்த நாடு என்பதை மூளை கடைசியாகத்தான் சொல்லும்.

இந்த விழிப்பைப்பற்றி 2016ஆம் ஆண்டு அமெரிக்காவின் பிறவுண் பல்கலைக்கழகத்தில் மசாகோ தமாகியும் யூகா சசாகியும் அவர்களது குழுவினரும் ஒரு ஆய்வை வெளியிட்டார்கள். புது இடத்தில் முதல் இரவு நித்திரை சரியாக வராது என்பது எல்லாருக்கும் தெரிந்த சங்கதி. ஏன் வராது என்பதுதான் அவர்களுடைய கேள்வி. ஆய்வுகூடத்தில் படுத்தவர்களின் மூளையை அளந்து பார்த்தபோது, முதல் இரவில் மூளையின் வலது பாதி ஆழ்ந்து நித்திரை கொள்ள, இடது பாதியின் சில பகுதிகள் மட்டும் ஆழம் குறைந்த நித்திரையில் நின்றன. சின்னச் சத்தங்களைக் கேட்கச் செய்தபோது, இடது பாதிதான் அதை அறிந்து ஆளை விரைவாக எழுப்பியது. டொல்பின்களும் சில பறவைகளும் மூளையின் ஒரு பாதியை விழிக்கவைத்து மறு பாதியால் நித்திரை கொள்வது முன்பே தெரிந்த விடயம். மனிதனிடமும் அதன் ஒரு மெல்லிய சாயல் இருக்கிறது. அதே ஆட்கள் மறுபடி வந்து படுத்தபோது இரண்டு பாதிகளுக்கும் இடையிலான அந்த வித்தியாசம் மறைந்துபோயிருந்தது.

அந்த ஆய்வு அகதிகளைப் பற்றியதல்ல. ஆனால் அதை வாசிக்கும்போது, எங்களுடைய முதல் இரவு எத்தனை வருடம் நீண்டது என்று எண்ணிப் பார்க்காமல் இருக்க முடியவில்லை. விசா ஆறு மாதம், ஆறு மாதமாக நீடிக்கப்பட்ட காலம் அது. கதவு தட்டப்பட்டால் தபாற்காரனா பொலிசா என்று தெரியாது. அப்படி இருக்கையில் எந்தப் பாதி எதை நம்பிப் படுக்கும்?

வியட்நாம் யுத்தத்திலிருந்து திரும்பியவர்களின் பாதிப்புகள் பெரிதாகப் பேசப்பட்ட பிறகு, 1980இல்தான் அமெரிக்க மனநோய் மருத்துவர்கள் இந்த நிலைக்குத் தங்கள் கைநூலில் ஒரு பெயரைச் சேர்த்தார்கள். நெருக்கீட்டுக்குப் பிற்பட்ட மனவடு நோய் என்று நாங்கள் இப்போது சொல்வது அதைத்தான். நித்திரையின்மையும் திரும்பத் திரும்ப வரும் கெட்ட கனவும் அதன் முக்கியமான அடையாளங்கள். யாழ்ப்பாணத்திலிருந்து பேராசிரியர் தயா சோமசுந்தரம் 1998இல் வெளியிட்ட, காயப்பட்ட மனங்கள் என்று பொருள்படும் தலைப்புடைய ஆங்கில நூல், எங்கள் மண்ணில் யுத்தம் மனங்களுக்குச் செய்ததை விரிவாகப் பதிவுசெய்தது. அந்த மனங்களில் ஒரு பங்கு விமானமேறி வந்து இங்கே எங்களோடு படுத்திருந்தது.

கனவு வரும் நித்திரையைப்பற்றிக் கொஞ்சம் சொல்லவேண்டும். 1953இல் சிக்காகோ பல்கலைக்கழகத்தில் அசெரின்ஸ்கியும் கிளைற்மனும், நித்திரையின்போது மூடிய இமைக்குள் கண்கள் வேகமாக ஓடும் ஒரு கட்டம் இருப்பதைக் கண்டு எழுதினார்கள். அந்தக் கட்டத்தில் எழுப்பினால் பெரும்பாலானோர் கனவு சொல்வார்கள். ஏறத்தாழ 90 நிமிடத்துக்கு ஒருமுறை அது வந்துபோகும். விடியப்புறமாகப் போகப்போக நீளும். எங்கள் கெட்ட கனவுகள் பெரும்பாலும் விடியப்புறத்தில் வருவதற்குக் காரணம் இதுதான். நித்திரைக்காக இரண்டு கிளாஸ் போட்டுவிட்டுப் படுப்பவர்களுக்கும் இதில் ஒரு செய்தி இருக்கிறது. மதுபானம் இரவின் முதற் பாதியில் கனவு நித்திரையை அமத்திப் பிடிக்கும். பின்பாதியில் அது உடைத்துக்கொண்டு வரும். குடித்துப் படுத்தவன் மூன்று மணிக்கு வேர்த்து எழும்புவது இதனால்தான்.

கனவுகள் ஆசையின் நிறைவேற்றம் என்று 1900இல் எழுதியவர் பிராய்ட். முதலாம் உலக யுத்தத்திலிருந்து திரும்பிய சிப்பாய்களைக் கண்டபிறகு அந்தக் கொள்கை அவருக்கே இடித்தது. குண்டு வெடித்த அதே கணத்துக்கு ஒவ்வொரு இரவும் திரும்பிப் போகிறவனுக்கு அதில் என்ன ஆசை? 1920இல் எழுதிய நூலில் அந்தக் கனவுகள் தன் விதிக்குள் அடங்கவில்லை என்பதை அவர் ஒத்துக்கொண்டார். தாங்க முடியாமல் வந்து மோதிய ஒன்றைப் பிடித்துக் கட்ட மனம் திரும்பத் திரும்ப முயல்கிறது என்று விளங்கப்படுத்தப் பார்த்தார். அதே பிராய்ட் 1938 ஜூனில், 82 வயதில், நாசிகளுக்குத் தப்பி வியன்னாவைவிட்டு லண்டனுக்கு வந்துசேர்ந்தார். அடுத்த வருடம் அங்கேயே இறந்தார். அவரும் ஒரு அகதி என்பது எங்களுக்கு ஏனோ ஒரு ஆறுதல்.

எங்களுக்கென்று ஒரு பொதுக் கனவு உண்டு. ஊருக்குப் போயிருப்போம். ஷெல் விழுந்த கூரை திரும்ப முழுசாக இருக்கும். முற்றம் கூட்டியிருக்கும். செத்துப்போன அம்மா சோறு போட்டுக்கொண்டு நிற்பா. அப்போதுதான் பொக்கற்றைத் தடவிப் பார்ப்போம். பாஸ்போட் இல்லை. பிளேன் நாளைக்கு. ஒழுங்கை முனையில் ஜீப் சத்தம் கேட்கும். "ஏன் வந்தனி?" என்று அம்மா கேட்பா. இடமும் ஆட்களும் மாறலாம், சிலருக்கு ஜீப்புக்குப் பதில் சைக்கிளில் பெடியள் வரலாம், ஆனால் எலும்புக்கூடு ஒன்றுதான். இதை எங்களுடைய தனிப்பட்ட வருத்தம் என்றுதான் ஒவ்வொருவரும் எண்ணியிருந்தோம். 1975இல் செக்கோஸ்லவாக்கியாவிலிருந்து பிரான்சுக்கு வந்த மிலான் குந்தேரா, 2000ஆம் ஆண்டில் வெளிவந்த அறியாமை என்ற நாவலில், பாரிசில் வாழும் செக் பெண் ஒருத்தியின் கனவைச் சொல்கிறார். விமானம் திசை மாறித் தெரியாத இடத்தில் இறங்குகிறது. கீழே சீருடைக்காரர் நிற்கிறார்கள். அவளுடைய கணவனுக்கும் அதே மாதிரிக் கனவுதான் வருகிறது. ஒருவரை ஒருவர் அறியாத ஆயிரக்கணக்கான புலம்பெயர்ந்தோர் ஒரே இரவில் ஒரே கனவைக் காண்கிறார்கள் என்ற வியப்பு அங்கே வருகிறது. அதை வாசித்தபோது எங்களுக்கு உண்டானது வியப்பல்ல. அட, இவர்களுமா என்ற உறவு.

கனவைவிடப் பயங்கரமான ஒன்றும் உண்டு. கண் திறந்திருக்கும். அறை தெரியும். கதவு தெரியும். உடம்பு அசையாது. நெஞ்சில் ஒரு பாரம் ஏறி இருக்கும். யாரோ அறைக்குள் நிற்பது நிச்சயமாகத் தெரியும். கத்த வாய் திறந்தால் சத்தம் வராது. ஊரில் இதைப் பேய் அமுக்கிறது என்பார்கள். இதன் விளக்கம் எளிமையானது. கனவு நித்திரையில் நாங்கள் கனவுப்படி எழும்பி ஓடிவிடாமல் மூளை தசைகளைப் பூட்டிவைக்கிறது. சிலவேளை அந்தப் பூட்டுத் திறக்கமுன் விழிப்பு வந்துவிடும். பாதி கனவும் பாதி அறையும் ஒன்றில் ஒன்று கலந்துவிடும். சில செக்கனோ சில நிமிடமோதான். அதனால் உயிருக்கு ஆபத்தில்லை. நித்திரை ஒழுங்கு குழம்பியவர்களுக்கும், மாறி மாறி வேலை நேரம் உள்ளவர்களுக்கும், மனவடு உள்ளவர்களுக்கும் இது அதிகம் வரும். அமெரிக்காவின் மசாசூசெற்ஸ் மாநிலத்தில் கம்போடிய அகதிகளிடம் மருத்துவர் டெவன் ஹின்ரனும் குழுவினரும் செய்து 2005இல் வெளியிட்ட ஆய்வு இந்தத் தொடர்பைத் தெளிவாகக் காட்டியது. கம்போடியர்கள் தங்கள் மொழியில் இதற்குச் சொல்லும் பெயரின் பொருளும் பேய் அமுக்குகிறது என்பதுதான். பொல் பொட்டின் காலத்தில் செத்தவர்களே அந்தப் பேய்களாக வருகிறார்கள் என்று அவர்களில் சிலர் சொன்னார்கள்.

இங்கே ஹ்மொங் மக்களின் கதையைச் சொல்லவேண்டும். லாவோஸ் மலைகளில் வாழ்ந்த இந்த மக்களை வைத்து அமெரிக்க உளவு நிறுவனம் ஒரு இரகசிய யுத்தம் நடத்தியது. 1975இல் அமெரிக்கா கைவிட்டுப் போக, அவர்கள் மேகொங் ஆற்றைக் கடந்து தாய்லாந்து முகாம்களுக்கு ஓடினார்கள். பிறகு மினசோற்றா, கலிபோர்ணியா, விஸ்கொன்சின் என்று அமெரிக்காவெங்கும் குடியேற்றப்பட்டார்கள். ஒரே இடத்தில் சேர்ந்துவிடாதபடி ஆட்களைப் பிரித்துப் பரவலாகக் குடியேற்றுவதுதான் அப்போதைய கொள்கை. 1977 முதல் அவர்களுடைய ஆண்கள் நித்திரையில் சாகத் தொடங்கினார்கள். முப்பது வயதை ஒட்டியவர்கள். நோயில்லாதவர்கள். இரவு படுத்தவர்கள் விடிய எழும்பவில்லை. 1981இல் இந்தச் சாவுகள் உச்சத்துக்குப் போயின. எண்பதுகள் முடிவதற்குள் ஹ்மொங் மக்களையும் ஏனைய தென்கிழக்காசிய அகதிகளையும் சேர்த்து நூறு பேருக்குமேல் இப்படிச் செத்தார்கள். உடல்களை வெட்டிப் பார்த்தவர்களுக்கு ஒன்றும் பிடிபடவில்லை. செய்தித்தாளில் இத்தகைய சாவுகளைப்பற்றி வாசித்த இயக்குநர் வெஸ் கிரேவன் 1984இல் அதிலிருந்து ஒரு பேய்ப்படம் எடுத்தார். கனவில் வந்து கொல்லும் பிரெடி குறூகர் உலகமெங்கும் ஓடினான். நாங்களும் அந்தப் படத்தை வீடியோ கசெற்றில் வாடகைக்கு எடுத்துப் பார்த்தோம். அது அகதிகளின் சாவில் முளைத்த படம் என்று அப்போது எங்களுக்குத் தெரியாது.

பிறகு விஞ்ஞானம் ஒரு பாதி விடையைக் கண்டது. 1992இல் புறுகடா சகோதரர்கள் இதயத்தின் மின்னோட்டத்தில் வரும் ஒரு பரம்பரைக் கோளாறை விபரித்தார்கள். தென்கிழக்காசியாவில் நித்திரையில் ஏற்படும் இந்தத் திடீர்ச் சாவும் அதே கோளாறுதான் என்று 2002இல் மரபணு ஆய்வு காட்டியது. ஆனால் அந்த மரபணு லாவோசிலும் அவர்களிடம் இருந்ததுதானே. அமெரிக்கா வந்தபின் அந்த வருடங்களில் மட்டும் ஏன் இத்தனை சாவு? இந்தக் கேள்வியோடு ஷெல்லி அட்லர் என்ற ஆய்வாளர் தொண்ணூறுகளில் கலிபோர்ணியாவின் ஸ்ரொக்ரன் நகரத்து ஹ்மொங் மக்களிடம் போனார். இரவில் நெஞ்சில் ஏறி அமுக்கும் ஒரு ஆவியைப்பற்றி அவர்கள் சொன்னார்கள். பாதிப் பேருக்கு மேல் அதை அனுபவித்தும் இருந்தார்கள். முதல்முறை வந்தால் பூசாரியைக் கூப்பிட்டுச் சடங்கு செய்யவேண்டும், முன்னோருக்குப் படைக்கவேண்டும். செய்யாவிட்டால் அது திரும்பவும் வரும், ஒருநாள் கொன்றுவிடும். அமெரிக்காவில் பூசாரி எங்கோ ஒரு மாநிலத்தில், உறவு இன்னொரு மாநிலத்தில். அடுக்குமாடி வீட்டுக்குள் கோழி அறுக்க முடியாது. பலர் கிறிஸ்தவத்துக்கு மாறி, பழையதையும் செய்யமுடியாமல் புதியதிலும் காவல் கிடைக்காமல் நின்றார்கள். குடும்பத்தைக் காக்கவேண்டிய ஆண், தன் கடமையைச் செய்யமுடியாத பயத்தோடு படுத்தான். பலவீனமான இதயத்தோடு அந்தப் பயம் சேர்ந்தபோது சாவு வந்தது என்பது 2011இல் வெளிவந்த அட்லரின் நூல் முன்வைக்கும் வாதம்.

பேயை நம்பச் சொல்லி இதை நாங்கள் எழுதவில்லை. எங்கள் ஊரிலும் பிள்ளை வெருண்டால் ஆச்சி திருநீறு பூசுவா. பார்வை பார்க்கிறவரிடம் கூட்டிக்கொண்டு போவார்கள். நூல் கட்டுவார்கள். தலைமாட்டில் பாக்குவெட்டி வைப்பார்கள். பாக்குவெட்டிக்குப் பேயை வெட்டும் வல்லமை இருந்ததோ தெரியாது. ஆனால் அதை வைப்பதற்கு ஒரு கை இருந்தது. "என்னடா கண்டனி? சொல்லு" என்று கேட்க ஒரு குரல் இருந்தது. பயந்தவன் தனியே பயப்படவில்லை. இங்கே வந்தபோது நம்பிக்கையையும் விட்டோம், கூடவே அந்தக் கேள்வியையும் விட்டோம். டொக்டரிடம் போனால் நெஞ்சுநோ, தலையிடி, நாரி உளைவு என்போம். நித்திரைக் குளிசை எழுதித் தரச்சொல்லிக் கேட்போம். என்ன கனவு என்று சொல்லமாட்டோம். "இஞ்சாருங்கோ, ராத்திரியும் கத்தினீங்கள்" என்று மனுசி சொன்னால், "ஒண்டுமில்லை, நீ படு" என்போம். அடுத்த அறையில் பிள்ளைகள் கேட்டுக்கொண்டு கிடப்பார்கள். தகப்பன் இரவில் வேறொரு பாஷைபோல எதையோ கத்துகிறார் என்பதுதான், எங்கள் யுத்தத்தைப்பற்றி அந்தப் பிள்ளைகள் முதன்முதலில் அறிந்த சங்கதி.

கனவைச் சொல்வது பயந்தவனுக்கு ஆறுதல் மட்டுமல்ல. பேர்ளினில் சார்லொற்றெ பெராற் என்ற பத்திரிகையாளர் இருந்தார். ஹிட்லர் 1933இல் ஆட்சிக்கு வந்தபின், தன்னைச் சுற்றியிருந்தவர்களின் கனவுகளை இரகசியமாகச் சேகரிக்கத் தொடங்கினார். தையற்காரி, பால்காரர், மருத்துவர், அயலவர் என்று ஏறத்தாழ முந்நூறு பேரின் கனவுகள். ஹிட்லரைப் பெரியப்பா, சித்தப்பா மாதிரி ஒரு உறவுப் பெயரிட்டும், கைதுக்குக் காய்ச்சல் என்றும் மாற்றி எழுதிப் புத்தகங்களின் மட்டைக்குள் ஒளித்துவைத்தார். பிறகு வெளிநாடுகளுக்கு அனுப்பினார். 1939இல் தானே அகதியாகி, பின்னர் நியூயோர்க் சேர்ந்து தலைமயிர் அலங்கரிக்கும் தொழில் செய்து பிழைத்தார். 1966இல் அந்தக் கனவுகள் நூலாயின. தன் தொழிற்சாலைக்கு வந்த கோயபல்சுக்கு முன்னால், தன் தொழிலாளர்கள் பார்த்துநிற்க, கையை உயர்த்திச் சலாம் வைக்க அரைமணி நேரம் பாடுபட்ட முதலாளியின் கனவு அதில் இருக்கிறது. நாட்டிலுள்ள எல்லா வீடுகளின் சுவர்களும் சட்டத்தால் நீக்கப்பட்டதாகக் கண்ட மருத்துவரின் கனவு இருக்கிறது. தனக்குத் தெரியாத ருசிய மொழியில் நித்திரையில் பேசுவதாகக் கண்டவர் ஒருவரும் இருக்கிறார். தான் சொல்வது தனக்கே விளங்கக்கூடாது என்பதற்காக. எந்த வரலாற்று நூலும் அந்தப் பயத்தை இவ்வளவு கிட்டவைத்துக் காட்டாது.

எங்கள் கனவுகளை யார் எழுதிவைத்தார்கள்? செத்தவர்களின் பட்டியல் எங்களிடம் இருக்கிறது, தீர்மானங்களும் அறிக்கைகளும் இருக்கின்றன. பங்கருக்குள் படுத்த பிள்ளை நாற்பது வருடம் கழித்து ஒஸ்லோவிலோ மொன்றியலிலோ என்ன கனவு காண்கிறது என்பது எங்கும் இல்லை. எந்த இயக்கத்துக்குப் பயந்து, எந்த ஆமிக்குப் பயந்து, யாரைக் காட்டிக்கொடுத்ததாக, யாரைக் கைவிட்டதாக நாங்கள் விழித்தோம் என்பதும் இல்லை. பகலில் மேடையில் சொல்லமுடியாத பல உண்மைகள் எங்களுக்கு இரவில்தான் தெரியும்.

மருத்துவமும் இப்போது சொல்லச் சொல்லித்தான் கேட்கிறது. பாலியல் வன்முறைக்கு ஆளான 168 பெண்களிடம் பரி கிராக்கோவும் குழுவினரும் செய்த ஆய்வு 2001இல் வெளிவந்தது. முறை மிகவும் எளிது. கெட்ட கனவு ஒன்றை எடுத்து, அதை விரும்பியபடி மாற்றி எழுதவேண்டும். மாற்றியதைப் பகலில் தினமும் சில நிமிடம் மனதில் ஓடவிட்டுப் பார்க்கவேண்டும். அப்படிச் செய்தவர்களுக்குக் கெட்ட கனவுகள் குறைந்தன, நித்திரை கூடியது. எல்லாருக்கும் எல்லாம் மாறும் என்றில்லை. மிகவும் மோசமானவற்றைத் தனியே கிளறாமல், பழகிய ஒரு வைத்தியரின் துணையோடு செய்வதுதான் நல்லது. ஆனாலும் இந்த முறையில் ஒரு விடயம் எங்களைப் பிடித்துக்கொள்கிறது. ஜீப்பின் சத்தத்தை வேறு சத்தமாக்கலாம். பாஸ்போட்டைப் பொக்கற்றில் வைக்கலாம். "ஏன் வந்தனி?" என்று கேட்கும் அம்மாவை "இருந்து சாப்பிடு" என்று சொல்லவைக்கலாம். நடந்ததை மாற்ற முடியாது, ஆனால் திரும்பத் திரும்ப நடப்பதைக் கொஞ்சம் மாற்ற முடியும்.

எங்களில் முதலில் வந்தவர்களுக்கு இப்போது அறுபது, எழுபது வயதாகிறது. ஓய்வூதியம் எடுத்துவிட்டு வீட்டில் இருக்கும்போது, வேலை மூடிவைத்திருந்ததெல்லாம் நித்திரையில் மேலே வருகிறது என்று பலர் சொல்கிறார்கள். பிள்ளைகள் வளர்ந்துவிட்டார்கள். அடுத்த அறையில் கிடந்து கேட்ட சத்தத்துக்கு அவர்கள் இன்னும் அர்த்தம் தேடிக்கொண்டிருக்கிறார்கள். ஆகையால், இதை வாசிக்கிறவர்களிடம் ஒன்று கேட்கிறோம். நாளை விடிய உங்கள் வீட்டில் யாராவது வெருண்டு எழும்பினால், "ஒண்டுமில்லை, படு" என்று சொல்லாதீர்கள். லைற்றைப் போட்டு, ஒரு தேத்தண்ணி வைத்துக் கொடுத்து, என்ன கண்டாய் என்று கேளுங்கள். பலன் சொல்லத் தேவையில்லை. கேட்டு முடித்தபின், அவர் சம்மதித்தால், ஒரு கொப்பியில் திகதியைப் போட்டு எழுதிவையுங்கள்.